கூமாப்பட்டி ஹவில்தாரும் குடுமிப் பந்தாட்டமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தாட்டம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒரு நாளும் பந்தை உதைத்ததில்லை. அது வேறு விஷயம். பள்ளிக்கூட மைதானத்து வேலியை ஒட்டி என் கடை. கயிறும் சாக்கும் விற்கிறேன். சாயங்காலம் பந்து உருளத் தொடங்கினால் கடையை அப்படியே போட்டுவிட்டு வேலிக்குப் போய்விடுவேன். வந்தவர்கள் தாங்களே கயிற்றை அளந்து, தாராளமாகவே அளந்து, எடுத்துப் போகிறார்கள் என்று என் வீட்டுக்காரி அசீனா புலம்புவாள். மைதீன் பிச்சை ராவுத்தர் சத்தம் போடாத ஆட்டம் ஆட்டமே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் கிளப்பிவிட்ட பேச்சுதான்.

நான் சத்தம் போட்டது முக்கால்வாசி தவசிமுத்துவைப் பார்த்து. அவர் கூமாப்பட்டிக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பர்மா வரை போய் வந்தவர். ஊர் திரும்பிப் பார்த்தால், அவர் பங்கு நிலத்தையும் சேர்த்துத் தம்பி விழுங்கி ஏப்பம் விட்டிருந்தான். பெண்டாட்டி அங்காளம்மாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து டிரில் வாத்தியாராகச் சேர்ந்தார். இந்த வேலை போனால் தம்பி வயலில் கூலிக்கு நிற்க வேண்டும். இது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் நானும் ஏசினேன். பந்தாட்டத்தில் இரக்கம் பார்த்தால் ஆகுமா?

சென்னப்பட்டணத்திலிருந்து பந்து வந்து இறங்கியதும் ஹெட்மாஸ்டர் அதைத் தூக்கி ஹவில்தாரிடம் கொடுத்துவிட்டார். பர்மாவில் வெள்ளைக்கார சோல்ஜர்கள் ஆடியதை அவர் பார்த்திருக்கிறாராம். எங்கிருந்து பார்த்தார் என்று நான் விசாரித்தேன். மைதானத்து வாசலில் காவல் நின்றிருக்கிறார். அதுவும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி. ஆக, அவர் கற்றது முழுக்கக் காதால் கற்றது.

முதல் வருஷம் பையன்களை உயரவாரியாக வரிசையில் நிறுத்தினார். பந்து காலடிக்கே வந்தாலும் உத்தரவில்லாமல் உதைக்கக் கூடாது. ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஏழு மைல் வண்டி கட்டி வந்தார்கள். எங்கள் பையன்கள் உத்தரவுக்குக் காத்து நிற்க, அவர்கள் சந்தைக்குள் நடப்பதுபோல் நடுவே புகுந்து கோல் போட்டார்கள். தாங்களே வெட்கப்பட்டுப் பாதியில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டார்கள். அன்று நான் கத்தியதில் என் குரல் ஒரு வாரம் திரும்பவில்லை. அசீனாவுக்கு அந்த ஒரு வாரம் பெருநாள்.

வரிசையை விட்டார். அடுத்து அவர் கண்ணில் பட்டது குடுமி. அந்தக் காலத்தில் எங்கள் பையன்கள் எல்லோருக்கும் குடுமி உண்டு. ஓடும்போது அவிழ்ந்துவிடும். வீட்டில் சாவு விழுந்தவன்தான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடுவான். அதனால் குடுமி அவிழ்ந்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனும் நின்று, இரண்டு கையாலும் அள்ளி முடிந்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். பந்து அதுவரை காத்திருக்காது. ஹவில்தார் கிராப்பு வெட்டச் சொன்னார். மறுநாளே ஆட்டக்காரப் பையன் பால்ச்சாமியின் தாய் மாரியாத்தாள் விளக்குமாற்றோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவள் பின்னால் பாதித் தெரு வந்தது. பிறகு எல்லோர் தலையிலும் பட்டாளத்து முண்டாசு கட்டினார். ஆட்டத்தில் ஒருவன் முண்டாசு அவிழ்ந்து நாலு பேர் காலைச் சுற்ற, இரண்டாம் வருஷமும் தோற்றோம். இன்னொரு முறை தோற்றால் கூமாப்பட்டிக்கு நடையைக் கட்டலாம் என்று ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குடுமியை விட்டுவிட்டார். அவிழ்ந்தால் அவிழட்டும், முடிந்துகொள்ளட்டும் என்றார். ஆனால் ஒருவன் கை தலைக்குப் போன கணமே பக்கத்தில் இருப்பவன் அவன் இடத்துக்குப் போய்விட வேண்டும். பந்து இருந்தால் பந்தையும் எடுத்துக்கொண்டு, அவன் போன திசையிலேயே போக வேண்டும். அதற்கு அவர் வைத்த உத்தரவு ஒரே சொல்: "இடம்!" ஆடி, ஆவணி முழுக்க சாயங்காலம் ஆனால் "இடம்! இடம்!" என்று ஒரே கத்தல். சும்மா இருந்தவன் குடுமியைக்கூடத் திடீரென்று பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டு "இடம்!" என்பார். புரட்டாசியில் ஒரு நாள் பார்த்தேன். மைதானத்தில் ஓட்டையே இல்லை. ஒருவன் நின்றால் இன்னொருவன் அங்கே இருந்தான். எனக்கு ஏசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைக்குத் திரும்பி வந்து கயிறு அளந்தேன்.

மூன்றாம் வருஷத்து ஆட்டத்துக்கு ஊரே திரண்டது. எங்களுக்கு இடுப்பில் சிவப்புத் துண்டு, அவர்களுக்குப் பச்சை. கடைசி வரை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். அங்காளம்மாள் வேலியைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண் பந்தைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்தது. அப்போது ராஜபாளையத்து நெட்டைப் பையன் ஒருவன் பந்தோடு பிய்த்துக்கொண்டு எங்கள் கோலை நோக்கி ஓடினான். பக்கத்திலேயே எங்கள் பால்ச்சாமி துரத்தினான். நெட்டையன் குடுமி அவிழ்ந்தது. அவன் நின்றான், கை தலைக்குப் போனது. நாங்கள் பிழைத்தோம் என்று நான் குதித்தேன்.

"இடம்!"

கத்தியது ஹவில்தார். குடுமியைப் பார்த்தவர் துண்டின் நிறத்தைப் பார்க்கவில்லை. பால்ச்சாமி சொன்ன பேச்சைக் கேட்கிற பையன். நெட்டையன் இடத்துக்குப் போனான், பந்தை எடுத்தான், அவன் போன திசையிலேயே போனான். கோல் காத்த இருளப்பசாமி, வருகிறவன் நம்மாள்தானே என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். பால்ச்சாமி எங்கள் கோலுக்குள் பந்தை உதைத்துவிட்டு, சபாஷ் வாங்க ஹவில்தாரைத் திரும்பிப் பார்த்தான்.

ஹெட்மாஸ்டர் அன்று சாயங்காலமே ஹவில்தாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அங்காளம்மாள் சட்டி பானைகளைக் கட்டத் தொடங்கினாள். இத்தனை நாள் நான் கேட்டது அதைத்தானே? எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டொரு நாளில் ராஜபாளையத்திலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. அவர்கள் பள்ளிக்கூடத்தை நடத்துகிற, தெலுங்கு பேசும் ராஜுக்களில் ஒருவர் இறங்கினார். ஹவில்தார் வீட்டு வாசலில் நின்றே பேசினார். வேடிக்கை பார்த்தவர்களில் நான்தான் முன்னால்.

"ஏமண்டி ஹவில்தார்காரு, எங்க பையன் நின்னதும் உங்க பையன் வந்து எங்களுக்குக் கோல் போட்டான். எதிராளிக்கே இம்புட்டு ஒழுங்கா வேலை பாக்கிற பயலை நீங்க வளத்திருக்கீங்க. எங்க பயலுகளை வளத்தா எம்புட்டு ஆவானுக? வண்டி நிக்குது. குடும்பத்தோட வாங்க."

ஹவில்தார் உள்ளே திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே மூட்டையைத் தூக்கிவிட்டாள்.

போகிற வழியில் வண்டியை என் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து, சல்யூட் அடிக்கிறவர்போல் விறைப்பாக நின்றார்.

"ராவுத்தரே, மூணு வருசமா வேலிக்கு அங்கிட்டு நின்னு என்னைய ஏசுனீரு. ஒரு நாள்கூட மட்டம் போடலை. ஹெட்மாஸ்டர் சொன்னது கிடக்கட்டும். நீரு சொல்லும், எனக்கு ஆட்டம் வந்திருச்சா?"

"வந்திருச்சுவே. அதுக்குத்தான் வயிறு எரியுது. அடுத்த வருசம் எங்களைக் குப்புறத் தள்ளிருவீரு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டி ஏறிப் போய்விட்டார். எங்கள் ஊர் மூன்று முறை தோற்றபோதும் என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இனி எங்களைத் தோற்கடிக்கப் போகிறவனுக்காக, சாக்கு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.