முதல் மழையைத் தெருவில் விட்டவள்

மழை வந்தால் கூலி போச்சு. மேகம் கறுத்ததுமே, மின்னலுக்குப் பயந்து, பட்டாசுக் கம்பெனியில் மணியடித்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தத் தெருவில் மழையை வாழ்த்தியவர் யாரும் இல்லை. வள்ளித்தாய் மட்டும் வானத்தைப் பார்ப்பாள். மல்லாங்கிணற்றில் மானாவாரிக் காட்டில் பிறந்தவள்.

அது 2003. வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழாய் வைக்கவேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரே ஒரு குழாய் வாங்கினார்கள். பார்க்க வருகிற அதிகாரி முன்வாசலில் அடுத்த வீட்டுக்கு நடப்பதற்குள், குழாய் கொல்லைப்புறமாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் வந்து சொன்னாள். “அக்கா, அடுத்து ஒங்க வீடு. பத்து நிமிசம் செவத்துல சாத்தி வச்சாப் போதும்.”

“சாத்தி வைக்க எதுக்குடி குழாய்? ஒன் வீட்டுக்காரர அனுப்பு. அவரும் அம்புட்டு கனம்தான் இருப்பாரு.”

வள்ளித்தாயின் கையில் சீட்டெடுத்த பன்னிரண்டாயிரம் இருந்தது. கணவன் ஊர்க்காவலன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். நான்கு வருடமாகச் செங்கல் தெரிய நிற்கும் முன்சுவரைத் தீபாவளிக்குள் பூசி, வெள்ளையடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவளுக்குத் தண்ணீர்த்தொட்டி வேண்டும். தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. மற்ற நாட்களில் டிராக்டர் தண்ணீர், குடம் இரண்டு ரூபாய். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“செவரப் பூசிட்டு அத நக்கிக் குடிக்கவா?”

அவன் சிரித்துவிட்டான். அதோடு அவன் கட்சி தோற்றது.

செங்கல்லில் தொட்டி கட்டக் கொத்தனார் இருபத்திரண்டாயிரம் கேட்டார். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை நான்கு வாங்கினால் பாதிகூட ஆகாது என்று வள்ளித்தாய் விசாரித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு நாள், விடிந்ததிலிருந்து கம்பெனி வண்டி வரும்வரை, இருவரும் கொல்லையில் குழி தோண்டினார்கள். உறைகளை ஊர்க்காவலனின் லோடுமேன் கூட்டாளிகள் கயிறு கட்டி இறக்கினார்கள். அடித்தளத்தையும் இணைப்புகளையும் வள்ளித்தாயே பூசினாள்.

பிறகுதான் வம்பு தெரிந்தது. மொட்டை மாடியின் வாட்டம் தெருப்பக்கம். தொட்டி கொல்லைப்பக்கம். மாடியில் இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டி, அது ஓடிய வழியெல்லாம் கரியால் கோடு போட்டாள். அந்தக் கோட்டைக் குறுக்கே மறித்து, தண்ணீர் கொல்லைப்பக்கம் திரும்பும்படி விரல் உயரத்துக்குச் சிமெண்டில் வரப்பு கட்டினாள். அரை மூட்டை சிமெண்ட்.

“என்னக்கா, மச்சில பருத்தி போடப்போறீகளா?” என்றாள் பொன்னுத்தங்கம்.

“ஆமா. களையெடுக்க நீ வந்துரு.”

குழாய்க்கடை சம்சு பாய் வந்து குழாயைப் பொருத்தினார். தொட்டிக்குத் திரும்பும் முழங்கைக் குழாய்க்கு மட்டும் பசை வேண்டாம் என்றாள்.

“ஒழுகுமேம்மா.”

“ஒழுகட்டும் பாய். எனக்குக் கழட்டி மாட்டணும்.”

மிஞ்சிய பணத்தில் சுவர் பூச முடியாது. மழையும் ஏமாற்றிவிட்டால் தொட்டி வெறும் குழி.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு மதியம் மணியடித்தது. தெருமுனையில் வண்டி இறக்கிவிட, பெண்கள் மழையைத் திட்டிக்கொண்டு நடந்தார்கள். வள்ளித்தாய் ஓடினாள். வீட்டில் ஊர்க்காவலன் தொட்டி விளிம்பில் நனைந்தபடி காத்திருந்தான். குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் முழங்கைக் குழாயைப் பிடுங்கினாள். தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் சந்தில் பாய்ந்து தெருவுக்கு ஓடியது.

“ஏய், கிறுக்குப் பிடிச்சிருச்சா? பன்னெண்டாயிரம் தெருவுல போகுது!”

“கைய நீட்டுங்க.”

“என்னது?”

“என் கையெல்லாம் பட்டாசு மருந்து. ஒங்க கைதான் சுத்தம். நீட்டுங்க.”

அவன் உள்ளங்கையை இழுத்துத் தண்ணீருக்கடியில் பிடித்தாள். சாம்பல் நிறத்தில் தேங்கியது. ரேகை எதுவும் தெரியவில்லை.

“நாம வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற துணி காயுற மச்சி இது. இந்தத் தண்ணியையா நம்ம புள்ள ஓவியாவுக்குக் குடுக்க?”

மழை தளர்ந்தது. இந்தப் பக்கத்தில் தளர்ந்த மழை திரும்பி வரும் என்று யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள். “இப்பவாவது மாட்டு” என்றான் அவன். அவள் முழங்கைக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் கையையே பார்த்தாள். பெருவிரல் மேடு தெரிந்தது. காய்ப்புகள் தெரிந்தன. கடைசியாக, ஒவ்வொன்றாக, ரேகைகள்.

மாட்டினாள். தூறல்தான். தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆனைக்குட்டம் அணைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து, அரைமணி நேரம் வெளுத்து வாங்கியது. குச்சியை விட்டுப் பார்த்தபோது இரண்டு உறை உயரம் நின்றது.

மறுநாள் காலையில் பொன்னுத்தங்கம் தெருவின் அந்த ஒற்றைக் குழாயோடு வந்து நின்றாள்.

“அண்ணே, இதை நெசமாவே மாட்டணும். மொத மழைய எம்புட்டு நேரம் வெளிய விடணும்?”

வள்ளித்தாய் தூக்குச்சட்டியோடு கம்பெனி வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பூசாத செங்கல் சுவரில் சாய்ந்தபடி, எல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல ஊர்க்காவலன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

“நேரமெல்லாம் பாக்கக் கூடாதும்மா. ரேகை தெரியணும்.”