ரேடியோ வாயை மூடிக்கொண்ட மதியங்கள்

இருபது வருஷம் வீட்டில் பள்ளிச் சீருடை தைத்தவள், நாற்பத்தாறாவது வயதில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பெயின்டரான கணவருக்குத் தோள்பட்டை போய், கையைத் தூக்க முடியாமல் ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று நாத்தனார் சொன்னாள். போய்க் கேட்டாள், கிடைத்துவிட்டது. முதல் நாளே எல்லோருக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள்.

என்ன வேலை என்று சொல்லக் கேட்டால் சுலபம்தான். வார்டுகளிலிருந்து கூடை கூடையாக ரத்த டியூப் வரும். டியூபில் உள்ள பெயர் விவரமும் அதோடு வரும் சீட்டில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்து, திரையில் பதிந்து, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். ஆனால் அக்கா ஒன்றை அழுத்தினால் திரையில் வேறு நாலு திறந்தன. இரண்டாவது வாரம், திரையின் மேலே இருக்கும் வார்டு பெயரை மாற்றாமலேயே முப்பது டியூபைப் பதிந்துவிட்டாள். ஆண்கள் வார்டு ரிசல்ட் மொத்தமும் பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நர்ஸுகள் உடனே கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன்தான் சாயங்காலம் வரை ஓயவில்லை. மேற்பார்வையாளர் சத்தம் போடவில்லை. மாதக் கடைசி வரை பார்க்கிறேன், அப்புறம் என் கையில் இல்லை என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து நாற்காலிக்காரிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். முப்பதைத் தொடாதவள். காலையில் உள்ளே நுழையும்போது திறக்கும் வாய், போகும்போதுதான் மூடும். அவளாகவே வந்து, மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் சொல்லித்தருகிறேன் என்றாள். பழகிப் பார்ப்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் தனியாக இருந்தது. அதில் என்ன தப்பு செய்தாலும் யார் தலையும் உருளாது.

ரேடியோ சொல்லிக்கொண்டே போனாள். அக்கா எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நாலு நாள் இப்படி ஓடியது. ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு அக்காவைக் காணோம். ரேடியோ தேடிப் போனால், ஸ்டோர் ரூமில் கையுறைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டுப் பக்கம். 'இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்' என்று ரேடியோ சொன்னதுகூட அதில் இருந்தது.

"அக்கா, இதுல எது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா." அக்கா நிமிரவில்லை. "புரிஞ்சுதுன்னு சொன்னதெல்லாம் பொய். நீ வீட்டுக்குப் போற நேரத்தை எனக்குக் கொடுக்குறே. புரியலைன்னு சொல்ல வாய் வரலை."

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. தான் பேசிய பேச்சில் அக்காவுக்கு மூச்சு விடக்கூட இடமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"இனிமே நான் பேசலை. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன். தப்பா சொன்னா தப்பாவே செய்வேன்."

சொன்னபடி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா சொன்னதைத் தட்டினாள். முதல் நாள் திரை முழுக்கத் தப்பு தப்பு என்று சிவப்பு. மறுநாள் ஒரு தாத்தாவுக்குப் பிரசவத் தேதி கேட்டது கம்ப்யூட்டர். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது, வார்டு பெயரை ஏன் முதலில் மாற்ற வேண்டும் என்பது அக்காவுக்குத் தானாகவே விளங்கிவிட்டது. ஒரு நாள் ரேடியோ அவளை ஒரு டியூபின் பின்னாலேயே அழைத்துப்போனாள். மெஷின், டாக்டரின் திரை, கடைசியில் வார்டில் ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் படுத்திருந்த பெண்மணி இவர்களைப் பார்த்து, ரிசல்ட் வந்துடுச்சாம்மா என்று கேட்டாள். அதற்கப்புறம் அக்கா நோட்டைத் தொடவில்லை.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். வந்த கூடையில் ஒரு டியூபை அக்கா எடுத்துத் தனியாக வைத்தாள். சீட்டிலும் டியூபிலும் ஒரே பெயர், பிறந்த தேதி மட்டும் வேறு. வார்டுக்குப் போன் செய்தாள். எழுதும்போது கை தவறியிருக்கும், பதிந்துவிடுங்கள் என்று நர்ஸ் கடுகடுத்தாள். அக்கா விடவில்லை.

"கட்டில்ல போய் ஒரு தடவை கேட்டுட்டு வாங்கம்மா. நான் லைன்லயே இருக்கேன்."

நர்ஸ் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயரில் இரண்டு பேர். டியூப் மாறியிருந்தது. மேற்பார்வையாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையில் அக்காவின் பெயரை அங்கேயே எழுதினார்.

அன்று ரேடியோவுக்கு விடுமுறை. அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். நன்றி என்று ஆரம்பித்தவள், டியூப், போன், நர்ஸ் என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ரேடியோ குறுக்கே பேசாமல் கேட்டாள். இரண்டு பஸ் வந்து போயின.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. ரேடியோ கல்யாணமாகி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அக்கா வீட்டில் இன்னும் அவள் பேச்சுதான். எத்தனையோ பேர் எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள், அப்படி என்ன இவள் மேல் மட்டும் இவ்வளவு பாசம் என்று கணவர் ஒரு நாள் கேட்டார். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"அந்த வயசுல எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு தெரிஞ்சும், அவ என்னை ஒரு தடவைகூடக் குறைச்சுப் பாக்கலைங்க."