ஒரு வரிக்கு இடம்

என் மேசையில் ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன ஸ்கேல். ஒரு காலத்தில் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். இப்போது பழைய நல்லெண்ணெய் நிறத்துக்கு மங்கிவிட்டது. சென்டிமீட்டர் கோடுகள் பாதிக்கு மேல் அழிந்துபோயின. அழியாமல் இருப்பது ஒன்றுதான்: ஓரத்தில் காம்பஸ் முனையால் ஆங்கில எழுத்தில் கீறிய ஒரு பெண்பிள்ளையின் பெயர். கீறலுக்குள் வருஷக்கணக்கில் கையழுக்கு ஏறி, அச்சடித்த மாதிரி கறுப்பாகத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "யாருண்ணா இது?" என்று கேட்பார்கள். "எங்க அக்கா பொண்ணு" என்பேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நாங்கள் செய்வது புத்தக வேலை. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போடுகிற உயர்கணிதப் புத்தகங்களை, ஆராய்ச்சி மாணவர்களும் பேராசிரியர்களும் மட்டுமே தொடுகிற புத்தகங்களை, கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுப்போம். புதுச்சேரிக்குக் கடற்கரை பார்க்க வருகிறவர்கள் யாரும் இப்படி ஒரு வேலை இந்த ஊரில் நடப்பதை அறியமாட்டார்கள். எங்கோ ஒருவர் தலைமுடி நரைக்கிற வரைக்கும் யோசித்து எழுதியது, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருகிற எங்கள் கை வழியாகத்தான் புத்தகமாகிப் போகும். உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நான் பிளஸ் டூவோடு நின்றவன். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்தில் டைப்பிங் பழகி, யாரோ சொன்னார்கள் என்று இங்கே வந்து சேர்ந்தேன். அச்சான புத்தகத்தை நாங்கள் பார்ப்பதும் இல்லை. கடைசித் திருத்தம் போட்டு ஃபைலை அனுப்பினால் அதோடு சரி. பெண்ணைக் கட்டிக்கொடுத்து கப்பலேற்றிவிட்ட மாதிரி.

அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே சீனியர். முதலியார்பேட்டைக்காரர். அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது படிப்பை விட்டவர். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே தடுமாறியவர் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் அவர் கை பட்ட பக்கத்தில் ஒரு புள்ளி இடம் மாறியிராது. ஆசிரியர் அனுப்பிய மூலப்படி இடது பக்கம், நாங்கள் எடுத்த பிரிண்ட் வலது பக்கம். ஒன்றில் ஆள்காட்டி விரல், மற்றதில் அந்த ஸ்கேல். வரிக்கு வரி ஸ்கேல் கீழே இறங்கும். "அர்த்தம் தேடாத தம்பி. அர்த்தம் தேடுனா கண்ணு முன்னாடி ஓடிடும், கை பின்னாடி நின்னுடும்" என்பார். நான் அசட்டையாக எதையாவது விட்டுவிட்டால் திட்டமாட்டார். "அவரு பத்து வருஷமா தூக்கம் கெட்டு யோசிச்சிருக்காரு. நீ மத்தியானம் சாப்ட்டுட்டு தூங்கி வழிஞ்ச நேரத்துல அதுல ஒரு மைனஸ் போயிடுச்சு பாரு" என்று மட்டும் சொல்வார். அதற்குத் திட்டே தேவலாம் போலிருக்கும். சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி உட்கார்ந்திருந்தாலும் விடமாட்டார். "கணக்குக்குப் பசிக்காது. நமக்குப் பசிக்கும். எந்திரி."

குறியீடுகளுக்கெல்லாம் அக்கா பெயர் வைத்திருந்தார். நெளிந்து நிற்பது பாம்பு. எழுத்தின் தலைமேல் அலைக்கோடு இருந்தால் மீசை. கூரை மாதிரி இருந்தால் தொப்பி. முடிவிலிக்குப் படுத்த எட்டு. இரண்டு பேராக உட்கார்ந்து ஒப்பிடும்போது ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். "பாம்பு, கால்ல பூஜ்யம், தலையில படுத்த எட்டு, மீசை வச்ச எக்ஸ்" என்று அவர் கடகடவென்று சொல்வதை அந்தப் பேராசிரியர்கள் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

அவர் வீட்டுக்காரர் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். வீட்டில் ஆளில்லாத நாட்களில் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக எங்கள் யூனிட்டுக்கு, வேலை நடக்கிற இடத்துக்கே, வந்துவிடுவாள். அம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த ஸ்கேல் அப்போது அவளுடையது. அம்மாவுடைய இரும்பு ஸ்கேல் தொலைந்த அன்று, "இத வச்சுக்கோ, எம்பேரு இருக்கு, யாரும் எடுக்க மாட்டாங்க" என்று கொடுத்தவள் திரும்பக் கேட்கவேயில்லை. என்னை மாமா என்பாள். "மாமா, உங்க மீசைய விட அந்த எக்ஸோட மீசை நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். பாம்பையும் மீசையையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை, கணிதத்தில் பட்டம் வாங்கி, மேற்பட்டம் வாங்கி, ஆராய்ச்சிக்கும் சேர்ந்தது.

ஒரு சாயங்காலம் அவள் யூனிட்டுக்கு வந்து, அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. "அழகா இருக்கும்மா" என்றாள். "பின்ன, நான் உட்ட எடைவெளி அப்புடி" என்றார் அக்கா. "எடைவெளி இல்லம்மா, கணக்கு." "கணக்கும் இருக்கட்டும்." சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தோம். நாங்கள் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்ததைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் எங்கள் ஸ்டூலிலேயே வளர்ந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அன்றைக்குத்தான் அவள் சொன்னாள், அவளுடைய பேராசிரியர் ஒரு புத்தகம் எழுதி முடித்து அனுப்பியிருக்கிறார், அதில் ஒரு அத்தியாயம் இவள் கண்டுபிடித்ததை வைத்து எழுதியது, முன்னுரையில் இவள் பெயர் வரும் என்று. அதைப் போடுகிற பதிப்பகத்தின் கணிதப் புத்தகங்கள் எல்லாம் எங்களிடம்தான் வரும். "உன்கிட்டதாம்மா வரும். அதுக்கப்புறம் என் புக்கும் வரும்" என்றாள். ஏதாவது விட்டுப்போயிருந்தாலோ சந்தேகம் வந்தாலோ ஆசிரியருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புவது எங்கள் வழக்கம், க்வெரி என்போம். ஆசிரியர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நாங்களாக மாற்றக் கூடாது. அக்கா கண்டிப்பாகச் சொன்னார்: "தப்பு இருந்தா க்வெரி போடுவேன். பொண்ணுன்னுலாம் பாக்க மாட்டேன்." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "போடு, போடு. பதிலு வூட்ல வந்து சொல்றேன்" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு ஒரு வாரம்கூட இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். அவரே, "வூட்ல இருந்தா செவுத்தப் பாக்கறேன். இங்கன்னா பக்கத்தப் பாக்கறேன்" என்று சொல்லி கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒப்பிடும்போது மட்டும் பாம்பு, மீசை என்று சொல்வதை விட்டுவிட்டார். குறியீடுகளின் நிஜப் பெயரைச் சொல்லிப் படித்தார். அந்தப் பெயர்கள் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். மகள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அந்தப் புத்தகம் வந்தது. ஆசிரியர் பெயரை இரண்டு தரம் பார்த்தேன்; அவள் சொன்ன பேராசிரியரேதான். மேனேஜர் நல்ல மனுஷர்; அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற யாருக்காவது குடுத்துடறேம்மா" என்றார். அக்கா, "எம்பொண்ணு எங்கிட்டதான் வரும்னு சொல்லிட்டுப் போயிருக்கு சார். வந்துடுச்சு. நான்தான் பண்ணணும்" என்றார். அவர் ஃபைலை அக்காவின் பெயருக்கே ஒதுக்கிக் கொடுத்தார்.

பேராசிரியர் அந்த முன்னுரையை அவள் உயிரோடு இருந்தபோதே எழுதி அனுப்பியிருந்தார். இந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் என் மாணவியின் கண்டுபிடிப்பு, அதன் முழு நிரூபணத்தையும் அவர் விரைவில் வெளியிடுவார் என்று அதில் இருந்தது. விரைவில் வெளியிடுவார். நடக்காத ஒன்றைப் புத்தகம் சொல்கிறது என்று கண்ணில் பட்டால் க்வெரி போட வேண்டியதுதான் எங்கள் வேலை. ஒரு காற்புள்ளிக்குக்கூடக் கேள்வி கேட்கிறவர் அக்கா. ஒப்பிட்டு முடித்த அன்று மாலை அவருடைய கேள்விகளை நான் தொகுத்தபோது மற்ற எல்லாப் பக்கத்துக்கும் இருந்தது. முன்னுரைக்கு மட்டும் இல்லை. அவரே ஸ்கேலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பதிலு வூட்ல வந்து சொல்றேன்னாளே தம்பி. நான் யாருக்குக் க்வெரி போட?"

அந்த வரி அப்படியே போனது. நாங்கள் அமைத்த பக்கங்களின் புரூஃப், அதாவது திருத்தப்படி, ஆசிரியருக்குச் சென்று திருத்தங்களோடு திரும்பி வருகிற வரைக்கும் சில வாரங்கள், அந்த ஒரு பக்கத்தில் அவள் இருந்தாள், நிரூபணத்தை முடித்துக்கொண்டிருந்தாள். அக்கா முகத்தில்கூட கொஞ்சம் தெளிவு வந்த மாதிரி எனக்குப் பட்டது.

திருத்தம் வந்தது. அந்த வாக்கியத்தைப் பேராசிரியர் அடித்துவிட்டு, ஓரத்தில் வேறு எழுதியிருந்தார். கடைசி அத்தியாயம் என் மாணவியின் கண்டுபிடிப்பு, நிரூபணத்தை முடிப்பதற்குள் அவர் எங்களை விட்டுப் போய்விட்டார். குறியீடுகளுக்குத் தன் அம்மாவின் வேலை மேசையில் கற்றுக்கொண்ட பெயர்களைத்தான் கடைசிவரை வைத்திருந்தார், என் வகுப்பிலும் இப்போது அந்தப் பெயர்கள்தான் என்று. அந்த மேசைக்கே இந்தத் தாள் வந்து சேரும் என்று பேராசிரியருக்குத் தெரிந்திருக்காது.

அக்கா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு பழைய வாக்கியத்தை எழுத்தெழுத்தாக அழித்தார். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. புதியதை அடித்தார். அதில் ஒரு சிக்கல். புதிய வாக்கியம் நீளம். முன்னுரை ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். அடுத்த பக்கத்தில் பொருளடக்கம், பக்க எண்கள் எல்லாம் உறுதியாகிவிட்டன. கடைசி வரி ஒன்று மட்டும் இடமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அவளைப் பற்றிய வரிதான் அது.

இப்படி ஆனால் நாங்கள் செய்வது ஒன்றுதான். ஆசிரியரின் சொல்லைக் குறைக்க முடியாது, எழுத்தைச் சிறிதாக்கினால் அசிங்கமாகத் தெரியும். மேலே எந்தப் பத்தியிலாவது கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்குகிறதா என்று பார்த்து, அந்தப் பத்தியின் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மயிரிழை மயிரிழையாக நெருக்கி, தொங்குகிற சொல்லை மேல் வரிக்கு இழுத்துக்கொண்டால் ஒரு வரி மிஞ்சும். பொறுமையான வேலை. "நான் பண்றேங்கா, எந்திரிங்க" என்றேன். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு பேருக்கு எடம் பண்ணிக் குடுத்திருக்கேன். எம்பொண்ணுக்கு ஒரு வரி எடம் பண்ண மாட்டனா?"

பண்ணினார். பஸ்ஸில் ஒரு பிள்ளைக்கு இடம் வேண்டுமென்று எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வது போல, வரி வரியாக நகர்த்தி, கடைசியில் அந்த வரியை உள்ளே ஏற்றினார். பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து ஒப்பிட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டார். பிறகு பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. யூனிட்டில் யாரும் கீபோர்டைத் தொடவில்லை.

அந்தப் புத்தகத்தோடு அக்கா வேலையை விட்டுவிட்டார். போகிறபோது ஸ்கேலை என் மேசையில் வைத்தார். "வூட்ல இத வச்சு என்னத்த ஒப்பிடுவேன்?" என்றார்.

பிறகு ஒருநாள் முதலியார்பேட்டை வீட்டுக்குப் போனேன். பேராசிரியர் எப்படியோ விவரம் தெரிந்து, அச்சான புத்தகத்தை நேரில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எத்தனையோ புத்தகம் செய்த அக்காவின் வீட்டுக்கு வந்த ஒரே புத்தகம். ஷோகேஸில் மகளின் போட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "ஏங்கா?" என்றேன்.

"தெறந்தா எங்கண்ணு தப்பத்தான் தேடும் தம்பி. பழகிடுச்சு. அந்தப் பக்கத்துல ஏதாவது தப்பு இருந்துட்டா, இனிமே நான் என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் இருக்காதுக்கா."

"இருக்காது. இருந்தாலும் தெறக்காத வரைக்கும் இல்ல."

டீ போட்டுக் கொடுத்தார். புது ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். மீசை, தொப்பி என்றெல்லாம் இன்னும் சொல்கிறீர்களா என்று கேட்டார். சொல்கிறோம் என்றேன். அதற்குத்தான் லேசாகச் சிரித்தார்.

போன வாரம் ஒரு புதிய புத்தகம் வந்தது. ஆசிரியர் எங்கோ குளிர்நாட்டுக்காரர். எங்கள் ஊரையோ எங்களையோ அறியாதவர். வழக்கம்போல அர்த்தம் தேடாமல் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் ஸ்கேல் நின்றுவிட்டது. இன்னாருடைய ஊகம் என்று அவள் பெயரைப் போட்டு, அதை எடுத்துக்கொண்டுதான் அவர் மேலே போகிறார். முழு நிரூபணம் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை என்று கீழே ஒரு வரி.

பிரிண்டை மேசையில் பரப்பி, ஸ்கேலைத் திருப்பிப் போட்டு, கீறல் உள்ள ஓரத்தை அந்த வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டு வந்தேன். மேலே அச்சில் ஒரு பெயர். அதற்கு நேர் கீழே, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை காம்பஸ் முனையால் அழுத்திக் கீறிய பெயர். ஆள்காட்டி விரலை ஒன்றில் வைத்து, அக்கா கற்றுக்கொடுத்த மாதிரி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன்.

தப்பில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அக்காவிடம் சொல்ல வேண்டும்.