திரையில் தெரிந்த ஈரல்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

சந்தனமாரிக்கு நடந்தது. 2012-ல், ஒரகடத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. டியூப் லைட் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தது. கூட மூன்று பேர் நின்றார்கள். அப்படியும் நடந்தது.

சந்தனமாரிக்குக் கோவில்பட்டிப் பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கும் அப்பா காட்டு வேலைக்கும் போய்ப் படிக்கவைத்தார்கள். அவர்கள் தெருவில் முதலில் டிகிரி வாங்கியது அவள்தான். பயோமெடிக்கல் என்ஜினியரிங். படித்து முடித்து அவளுக்குக் கிடைத்த வேலை, பன்றி வயிற்றுக்குள் கேமரா பிடிப்பது. இதற்காக உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமில்லை. கோபப்பட மட்டும் நிறைய நேரம் இருந்தது.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்குப் பின்னால் வரிசையாக ஷெட்டுகள் இருக்கும். எல்லாம் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிறவை. ஒன்றில் மட்டும் ஆஸ்பத்திரிச் சாமான் செய்தார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், மூன்று நான்கு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ஆபரேஷன் செய்கிறார்களே, அதற்கான சாமான்கள். மனிதருக்குப் போகும் முன்னால் அதையெல்லாம் பன்றிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக ஷெட்டின் பின்பக்கம் ஒரு ஆபரேஷன் தியேட்டர். தியேட்டர் சுவரை ஒட்டிப் பன்றிக் கொட்டடி.

அப்போது சோதனையில் இருந்தது ஒரு கிளிப். பித்தப்பையை வெட்டி எடுக்கும்போது, அதன் குழாயை நெருக்கி மூடுகிற கிளிப். அரிசி அளவுதான் இருக்கும். வழக்கமாக உடம்பில் தங்குகிற பக்கம் இரண்டு போடுவார்கள். ஒன்று நழுவினாலும் இன்னொன்று பிடிக்கும். இந்தக் கம்பெனியின் கிளிப்புக்கு உள்ளே ஒற்றைப் பல் இருந்தது. அதனால் ஒன்றே போதும் என்பது அவர்கள் பெருமை. அந்த மாதிரிக் கிளிப் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் செய்கிறவர் கையைப் பார்ப்பார், கருவியைப் பார்ப்பார். மயக்கம் கொடுக்கிறவர் மெஷினைப் பார்ப்பார். கேமரா பிடிக்கிற ஆள் மட்டும் கடைசிவரை திரையிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. இருமக்கூடக் கூடாது. அதனால் விலங்குச் சோதனையைக் கண்காணிக்கிற கமிட்டிக்காரர்கள் வரும்போது, உள்ளே என்ன நடந்தது என்று கேமரா பிடித்தவர்தான் வாயால் சொல்ல வேண்டும். அவர் பேச்சுதான் செல்லும்.

இது நடந்ததற்கு முந்தின வாரம் ஒரு பன்றிக்குக் கிளிப் போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் கிளிப் நகர்ந்தது. சந்தனமாரி பார்த்தாள்.

"சார், கிளிப்பு நழுவுது."

"லென்ஸ்ல மூட்டம்மா," என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர் வானமாமலை.

"மூட்டம்லாம் இல்ல சார். நழுவுது."

அவர் அப்படியே துளைகளைத் தைத்து மூடினார். மறுநாள் காலையில் பன்றி கொட்டடியில் செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தால் வயிறு முழுக்கப் பித்தநீர், ரத்தம். கிளிப் எங்கேயோ தனியாகக் கிடந்தது.

மேனேஜர் பரசுராமன் அவளைக் கூப்பிட்டார். வீடியோவை அழித்தாயிற்று என்றார். "வெள்ளிக்கிழமை கமிட்டி வருது. மயக்கத்துல போயிடுச்சுன்னு சொல்லு. அடுத்த மாசம் மனுஷங்களுக்குப் போட ஆஸ்பத்திரி ரெடி. நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா உனக்கு பர்மனென்ட்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தக் கிளிப் யாரோ ஒருத்தர் வயிற்றுக்குள் போகும். இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் கம்பெனி பஸ்ஸில் வந்து போனாள். யோசித்து யோசித்து மரத்துப்போய்விட்டது. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை.

புதன்கிழமை புதுப் பன்றி வந்தது.

பன்றிகளைப் பார்த்துக்கொள்வது கோதண்டம். உள்ளூர்க்காரர். வாய் ஓயாது.

"இன்னா பாப்பா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற. உங்கப்பாருக்கு இந்த வேல தெரியுமா?"

"ஆஸ்பத்திரி வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"அதுவும் கரெக்டுதான். பேஷண்டுக்கு நாலு காலு, அவ்ளோதான்."

"அண்ணே, ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா?"

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பன்னி ஒரு மாதிரி கீது பாப்பா. வண்டிலருந்து தானா எறங்கிச்சு. கத்தவே இல்ல. ஊசி போட சொல்லோ கூட கத்தல."

பன்றி கத்தாமல் இருக்காது. தூக்கினாலே ஊரைக் கூட்டும். சந்தனமாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே எடுத்துக்கொள்கிற நிலையில் அவள் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் ஏற்றினார்கள். மயக்கம் கொடுப்பது மெர்சி. தண்டலத்துப் பெண், சந்தனமாரியின் வயதுதான். மூச்சுக்குழாய் போட்டு மெஷினில் மாட்டினாள். கோதண்டம் வயிற்றை மழித்தார். வெள்ளை வயிறு. ஒரு கீறல் இல்லை, ஒரு தழும்பு இல்லை. நான்கு பேரும் பார்த்தார்கள்.

டாக்டர் ஊசிவழியாக வயிற்றுக்குள் வாயுவை ஏற்றினார். உள்ளே இடம் கிடைக்க அப்படித்தான் ஊதவைப்பார்கள். பன்றியின் வயிறு மெதுவாக எழும்பியது.

சந்தனமாரிக்கும் வயிறு கனத்தது. சுடிதார் நாடா இறுகியது. வலது தோளில் சுருக்கென்று ஒரு வலி. ஆபரேஷனுக்கு வயிற்றில் வாயு ஏற்றினால் நோயாளிக்குப் பிறகு அதே இடத்தில்தான் வலிக்கும் என்று அவள் படித்திருக்கிறாள்.

கேன்டீன் சாம்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

துளை போட்டு, குழாயைச் செருகி, கேமராவை அவள் கையில் கொடுத்தார் டாக்டர். உள்ளே விட்டாள். திரை மூலையில் மணி 3:12.

எப்போதும் லென்ஸ் உள்ளே போனதும் மூட்டம் போடும். வெளியே எடுத்து வெந்நீரில் நனைத்துத் துடைத்து மறுபடி விட வேண்டும். அன்றைக்கு மூட்டமே இல்லை. கண்ணாடிபோலப் படம்.

ஈரல் தெரிந்தது.

பன்றி ஈரலின் மேல் மெல்லிய கோடுகள் இருக்கும். பாம்புச் சட்டைமாதிரி, கட்டம் கட்டமாக. அவள் எத்தனையோ பார்த்துவிட்டாள். இந்த ஈரலில் கட்டம் இல்லை. வழவழவென்று இருந்தது... பாடப்புத்தகத்தில் இருக்கிற மனித ஈரல் மாதிரி.

டாக்டர் ஈரலைக் கருவியால் தூக்கினார். அடியில் பித்தப்பை இருக்க வேண்டும்.

இல்லை.

அது இருந்த இடம் காய்ந்து ஒட்டியிருந்தது. குழாயின் வெட்டுவாய் தெரிந்தது. அதன் மேல் ஒரு கிளிப்.

ஒற்றைப் பல் வைத்த கிளிப்.

மூச்சு மெஷின் மட்டும் புஸ்... டக்... புஸ்... டக்... என்று ஓடியது.

"பழைய ரெக்கார்டிங் ஓடுது," என்றார் டாக்டர். "யாரோ ப்ளே பண்ணியிருக்காங்க. ஆஃப் பண்ணுங்க."

"அதை அழிச்சிட்டாங்க சார்," என்றாள் சந்தனமாரி.

மணிக்கட்டை இடதுபக்கம் திருப்பினாள். படம் இடதுபக்கம் திரும்பியது. வலதுபக்கம் திருப்பினாள். வலதுபக்கம் திரும்பியது.

"கைய ஆட்டாதம்மா..."

"நான்தான் சார் ஆட்டுதேன். பாருங்க. ரெக்கார்டிங் இல்ல."

டாக்டர் தன் கருவியை அசைத்தார். திரையில் எதுவும் அசையவில்லை. சற்றுமுன் ஈரலைத் தூக்கிய கருவி இப்போது படத்திலேயே இல்லை. ஈரல் மட்டும் தூக்கியபடி நின்றது...

"இது பன்னியே இல்ல," என்றார். வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது குரல்.

மெர்சி மெஷினைத் தட்டிப் பார்த்தாள். "ரேட்டு பதினாலுதான் சார். ஆனா அங்க... அங்க வேற மாதிரி ஓடுது."

உண்மைதான். மயக்கத்தில் இருக்கிற உடம்பு மெஷின் ஊதினால்தான் மூச்சு விடும். பன்றியின் நெஞ்சு அப்படித்தான் ஏறி இறங்கியது. திரையில் இருந்த உடம்பு தன் இஷ்டத்துக்கு மூச்சு விட்டது. வேகமாக. பயந்த மாதிரி.

மயக்கம் இல்லாத உடம்பு.

மெஷின், புஸ்... டக்...

திரையில் இரண்டு மூச்சு.

புஸ்... டக்...

மறுபடி இரண்டு.

சந்தனமாரிக்கு அப்போது ஒன்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மூச்சை அடக்கினாள்.

திரை நின்றது.

ஈரல் அசையவில்லை. கிளிப் அசையவில்லை. எல்லாம் அப்படியே நின்றது.

மெஷின் ஓடியது. பன்றியின் நெஞ்சு ஏறி இறங்கியது. திரை நின்றே இருந்தது.

அவளுக்கு நெஞ்சு அடைத்தது. மூச்சை விட்டாள்.

திரை அசைந்தது.

கிளிப் நழுவியது.

கொஞ்சம்தான்... ஒரு பல் அளவு.

அவள் கத்தவில்லை. கை இருப்பதே தெரியவில்லை. கேமராவை மெதுவாக வெளியே இழுத்தாள்.

திரையில் டியூப் லைட் தெரிந்தது. மூலையில் இன்னும் அதே மணி 3:12.

"துடைச்சிட்டு மறுபடி விடும்மா," என்றார் டாக்டர்.

துடைத்தாள். விட்டாள். மூட்டம் போட்டது. மறுபடி துடைத்தாள். மறுபடி விட்டாள். கட்டம் கட்டமாகப் பன்றி ஈரல். அடியில் பச்சையாக, முழுசாகப் பித்தப்பை. எந்தக் கிளிப்பும் இல்லை.

டாக்டர் அதை எடுத்தார். புதுக் கிளிப் போட்டார். பிடித்துக்கொண்டது. நால்வரும் வேலையை முடித்தார்கள்.

மேஜையிலிருந்து இறக்கும்போது கோதண்டம் கொட்டடியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கொட்டாயில எல்லா பன்னியும் எந்திரிச்சி நிக்கிது. இந்தச் செவுத்தப் பாத்துகினு நிக்கிது."

யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. கேமரா பிடித்தவர் யார் என்று கேட்டார்கள். சந்தனமாரி எழுந்தாள்.

"போன வாரப் பன்னி மயக்கத்துல சாகல. கிளிப் நழுவிச்சு. நான் சொன்னேன். மூடித் தச்சாங்க."

பரசுராமன் பாய்ந்தார். "நீ பாத்தியா? உறுதியா சொல்ல முடியுமா?"

"நான்தான் சார் பாத்தேன். அதுக்குத்தான எனக்குச் சம்பளம் குடுக்கீங்க?"

டாக்டர் வானமாமலை குனிந்தபடி தலையாட்டினார். ஆமாம் என்று.

அத்தோடு அந்தக் கிளிப் நின்றது. மனிதர் யாருக்கும் போடக் கூடாது என்று உத்தரவானது. இருந்த கிளிப்பெல்லாம் ஒன்றுவிடாமல் கமிட்டி முன்னால் உருக்கப்பட்டன. செத்த பன்றியில் கிடைத்தது, பிழைத்த பன்றியிலிருந்து எடுத்தது, எல்லாம். அவளுக்கும் அன்றைக்கே கணக்கு முடித்துக் கையில் கொடுத்தார்கள். ஆட்டோ ஏறும்போது அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. சேருகிறவர்களுக்கெல்லாம் கேட்டுக்குப் பக்கத்தில் வேன் நிறுத்தி நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தனமாரி எடுத்துவிட்டு இறங்கினாள். எக்ஸ்ரே எடுத்தவர் அவளை மறுபடி கூப்பிட்டார்.

"பித்தப்பை ஆபரேஷன் எப்பம்மா பண்ணே? ஃபார்ம்ல போடவே இல்ல."

"எனக்கு எந்த ஆபரேஷனும் நடக்கல."

"நடக்காம கிளிப்பு எப்டி வரும்?"

படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கீழ் ஓரத்தில், வலது விலாவுக்கு அடியில், வெள்ளையாக ஒன்று. அரிசி அளவு.

ஸ்ரீபெரும்புதூரில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு தழும்பு இல்லை. எக்ஸ்ரேயை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

படத்தை அவள் ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். தாடைபோல வளைந்திருந்தது. நடுவில் ஒற்றைப் பல். ஒரு பக்கம் லேசாகத் திறந்திருந்தது.

அது முழுதாக நழுவுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. இப்போதெல்லாம் பயமே இல்லை, சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு எடுத்துவிடலாம் என்றார். சந்தனமாரி இன்றுவரை சம்மதிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் குனிகிறாள், மெதுவாகப் புரண்டு படுக்கிறாள், வேலைக்குப் போய் வருகிறாள்.

கேமரா விட்டால், அதை ஒருவர் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு, கடைசிவரை கண்ணை எடுக்காமல், அன்றைக்கு அவள் பார்த்த மாதிரி, திரையைப் பார்க்க வேண்டும்.