மூடாத குழாய்

பாளையம்பட்டியில் நானும் வீட்டுக்காரரும் மாவு மில் நடத்துகிறோம். எதிர்வீட்டுக்காரர்கள் துபாய்க்குக் கிளம்பும்போது மூன்று மாதப் பொமரேனியன் குட்டியை எங்களிடம் விட்டுப் போனார்கள். எனக்கு விருப்பமில்லை. நாளெல்லாம் மெஷின் முன்னால் நிற்கிறவளுக்கு இன்னொரு உயிரைப் பார்க்கத் தெம்பு ஏது?

குட்டி நாலு எட்டு ஓடும், உட்கார்ந்து மூச்சு வாங்கும். வெயில்தான் காரணமென்று நினைத்தேன். ஒருநாள் தூக்கியபோது அதன் நெஞ்சு அதிர்வது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அருப்புக்கோட்டையில் கால்நடை டாக்டரம்மா வெகுநேரம் அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"தாய் வயித்துல இருக்கையில நுரையீரலுக்கு வேலை இல்லக்கா. ரத்தம் அதைச் சுத்திப் போக ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறந்த சில நாள்ல மூடிக்கிரும். இதுக்கு மூடலை."

"மாத்திரைக்குக் கேக்காதா?"

"மூச்சிரைப்பு குறையும். குழாய் மூடாது. இப்படியே விட்டா இதயம் வீங்கிரும்."

தொடை வழியாகக் கம்பி விட்டு அடைக்கலாமாம். ஆனால் இதன் கால் ரத்தக்குழாய் அதற்குப் போதாது. நெஞ்சைத் திறந்து குழாயை நூலால் கட்டுவதுதான் வழி, அதற்குச் சென்னை போகவேண்டும் என்றார்.

"மில்லை யாரு பாக்குறது?" என்றார் வீட்டுக்காரர். இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தோம். அது ஓயாமல் மூத்திரம் போக வைக்கிற மாத்திரை. துணி அலசி அலசிக் கை ஓய்ந்தது. ஒரு காலையில் குட்டி மயங்கி விழுந்தது. அவரே மில்லைப் பூட்டிவிட்டு லோடு வேனை எடுத்தார்.

சென்னையில் முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். அறுவைக்குத் தேதி கிடைக்க நாலு நாள் ஆனது. அன்றைக்கு டாக்டர் ஒரு தாளை நீட்டினார். "கட்டும்போது குழாய் கிழிஞ்சுட்டா காப்பாத்தறது கஷ்டம்." வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் தூங்கிவிட்டேன். உள்ளே அதன் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் தூங்கினேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அவர்தான் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"கட்டிட்டாகளாம். பிழைச்சுக்கிரும்."

அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. "ஒரு டீ வாங்கியாங்க" என்றேன்.

தையல் ஆறும்வரை ஓடவிடக் கூடாது என்றார்கள். மூன்று வாரம் அதை அரிசிக் கூடையில் வைத்து, மில்லில் என் காலடியிலேயே போட்டுக்கொண்டேன். இப்போது நன்றாக இருக்கிறது, மாத்திரை கிடையாது. வீட்டுக்காரரும் நானும்தான் அந்த அலைச்சலிலிருந்து இன்னும் தேறவில்லை.