முன்கதவில் தொங்கிய பூட்டு

தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது ஹந்தானை மலையில் எங்கள் வாடகை வீட்டு முன்கதவை வெளியிலிருந்து பூட்டியவள், கீழே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். நானும் மனைவியும் உள்ளே மூச்சுக் காட்டாமல் கிடந்தோம். வந்த கும்பலிடம், வீட்டில் ஆளில்லை என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அதன்பிறகு நகரில் பதற்றம் என்று கேள்விப்பட்டால் நாங்களே முன்கதவை அப்படிப் பூட்டிவிட்டு, பின்கதவால் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்வோம். அது அவளுக்கும் தெரியும்.

மழையையும் மலை வெடிப்புகளையும் அளப்பது என் உத்தியோகம். வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, நாடாவால் இடைவெளியை அளப்பேன். எப்போது சரியும் என்று எவனாலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். லயத்துச் சனம் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தது, மண் அசையவில்லை. யுத்த காலம் வேறு. தமிழன் ஒருவன் புரளி கிளப்புகிறான் என்று பொலிசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அத்தோடு எனக்கு வாயைத் திறக்கவே பயம்.

அடுத்த பெருமழையில் வெடிப்பு ஒரே நாளில் இரண்டு விரல் அகன்றது. இன்னும் ஒரு நாள் அளந்து பார்ப்போம் என்று குறிப்பில் எழுதினேன். எழுதிய கையோடு பின்கதவை உள்ளே தாழ்போட்டு, முன்கதவைப் பூட்டி, மனைவியை பிலிமத்தலாவைக்கு, நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். யாராவது கேட்டுவிடுவார்களே என்று லயத்துப் பக்கம் போகாமல் மேல்பாதையால் போனோம். லயத்துக்குச் சொல்லப் போதாத சந்தேகம் என் குடும்பத்துக்குப் போதுமாக இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் காலை பாதி லயம் மண்ணுக்குள் போனது. மற்றவர்கள் கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் தப்பினார்கள். அன்று எங்கள் கதவைப் பூட்டிக் காப்பாற்றியவளின் புருஷன், கால் முறிந்து படுத்திருந்தவர், தப்பவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள அன்று அவள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தாள்.

செய்தி கேட்டு ஓடினேன். பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"மலையிலருந்து பீலியில வர்ற ஊத்துத் தண்ணி சேறா வந்துச்சுங்க ஐயா. தனியா அவர தூக்க முடியல. உங்கள கூப்பிடத்தான் ஓடியாந்தேன். முன்னால பூட்டு, பின்னால தாழ்ப்பா. டவுன்ல கொழப்பம்னாங்க, நீங்க உள்ளதான் ஒளிஞ்சிருக்கீங்கன்னு நெனச்சேன். மண்ணு வருது, வெளிய வாங்கன்னு கத்துனேன். சத்தமே இல்ல. கல்லால பூட்ட ஒடச்சு உள்ள போய்த் தேடுனேன். திரும்பி ஓடுறதுக்குள்ள..."



"நாங்கள் நேற்றே பிலிமத்தலாவைக்குப் போயிட்டம்" என்றேன்.

"நல்ல வேளைங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பூட்டத்தான் ஒடச்சுப்புட்டேன். மன்னிச்சுக்கங்க ஐயா."

"பரவாயில்லை" என்றேன்.