மிஷினுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது

பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருப்பவள் ஒழுங்காக வேலை பார்த்தால் அவள் பேர் யாருக்கும் தெரியாது. ஒரு பிசிறு தப்பிப் போனால்தான் ஆபீஸ் ரூமிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, காலை பஸ் பிடித்து இராஜபாளையம் வந்து, ஆபரேஷனுக்குப் போகிற காஸ் என்கிற வலைத்துணித் துண்டுகளைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, நல்லது கெட்டது பிரிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, மகளைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்தாயிற்று. உங்கள் வேலை இடத்திலும் "இனிமே இதை மிஷின் பார்த்துக்கிடும்" என்று யாராவது சிரித்த முகமாகச் சொல்லியிருந்தால், நீங்களும் நம்ம கூட்டம்தான். கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

பார்க்கலாம் என்றார்

தை பிறந்த மறுவாரம் முதலாளி செக்கிங் டேபிளில் இருக்கிற எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மிஷின் வருகிறதாம். அதில் கேமரா இருக்குமாம். துண்டு ஓடிக்கொண்டே இருக்கும்போது அதுவே பார்த்து, அதுவே யோசித்து, கெட்டதைத் தட்டிவிடுமாம். மூன்று மாதம் சோதனை. சரியாக வந்துவிட்டால் அடுத்த வருஷம் துணி உருளையில் ஏறுவதிலிருந்து பாக்கெட் ஒட்டுவது வரை ஆள் கையே படாத யூனிட் கட்டப் போகிறார். சொல்லும்போது அவர் கண்ணில் அப்படி ஒரு பிரகாசம், புதுமாப்பிள்ளை மாதிரி.

"அப்போ எங்க எட்டுப் பேருக்கும், ஐயா?" என்று நான்தான் கேட்டேன். "மடிப்புப் பக்கம், குடோன் பக்கம் எங்கயாவது இடம் பார்க்கலாம்மா" என்றார். திரும்பி வரும் வழியில் என் பக்கத்து நாற்காலிக்காரி ஜெபமணி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள்: "எங்க மாமியாரும் கல்யாணத்துக்கு முன்னாடி, செயின் போடுறதைப் பார்க்கலாம்னுதான் சொன்னாவ. மூத்தவன் காலேஜ் முடிச்சிட்டான், நான் இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பொட்டு வைத்த பாவம்

மிஷின் வந்த அன்று பூஜை. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி முடித்ததும், "வயசுல மூத்தவங்க ருக்குமணியம்மா கையால பொட்டு வைக்கட்டும்" என்றார் முதலாளி. என் சோற்றைப் பறிக்க வந்த மிஷினுக்கு நானே பொட்டு வைக்க வேண்டுமா என்று ஒரு கணம் மனசு சுணங்கியது. அப்புறம், வந்த விருந்தாளி யாராக இருந்தால் என்ன என்று சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். எதற்கும் ஒரு முகம் இருக்குமே என்று தேடினேன். மேலே வட்டமாக, பளபளவென்று ஒரு கண்ணாடி தெரிந்தது. லட்சணமாக இருந்தது. நல்ல பெரிய சந்தனப் பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

ஓட விட்டதும் சிவப்பு லைட் எரிய ஆரம்பித்தது. எந்தத் துண்டைப் போட்டாலும் கறை, கறை, கறை என்று தட்டிவிடுகிறது. கூட வந்த இன்ஜினியர் பிரவீன் தம்பி லேப்டாப்பைத் திறந்து, வயரைக் கழற்றி மாட்டி, கோயம்புத்தூருக்கு நாலு தரம் போன் போட்டு, வேர்த்து ஊற்றிப் போய்விட்டார். கடைசியில் ஸ்டூல் போட்டு மேலே ஏறிப் பார்த்தவர் அங்கிருந்தபடியே என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, பாவம். "அம்மா, இது அதோட நெத்தி இல்லீங்க, கண்ணுங்க. கண்ணுல குங்குமம் போட்டா நீங்க மட்டும் எப்படீங்க பார்ப்பீங்க?"

நீலத் தட்டும் சிவப்புத் தட்டும்

கறையைத் தவிர மிஷினுக்கு வேறொன்றும் தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் பிரவீன் தம்பி. ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு சின்னக் கேமராவும் இரண்டு தட்டும் வைத்தார்கள். நல்ல துண்டை நீலத் தட்டில் போட வேண்டும், கெட்டதைச் சிவப்புத் தட்டில். போடப் போட மிஷின் படம் பிடித்து மனப்பாடம் செய்துகொள்ளும். "இங்க இது ஒரு தடவை கத்துக்கிட்டாப் போதுங்க. அதே பாடத்தை மத்த ஊர் மிஷினுக்கெல்லாம் அப்படியே ஏத்திருவோம்" என்றார். நான் சொல்லிக்கொடுத்தது ஊர் ஊராகப் போகப் போகிறதா! எட்டாம் வகுப்புக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காஸ் துண்டை மடிக்கும்போது வெட்டின ஓரம் உள்ளே போய்விட வேண்டும். வெளியே நின்றால் நூல் உதிரும். மடிப்புப் பக்கம் இருக்கிற செல்லத்தாய்க்கு இரண்டு வருஷமாகக் கட்டைவிரல் மடங்குவதில்லை. அவள் துண்டில் பத்துக்கு ஒன்று ஓரம் வெளியே நிற்கும். அதைக் கெட்டது என்று தள்ளினால் அவள் கணக்கில் ஏறும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். அதனால் நான் சத்தம் காட்டாமல் நல்லதோடு போட்டுவைத்து, டீ நேரத்தில் நானே பிரித்துத் திருப்பி மடித்துவிடுவேன். ஒரு துண்டும் அப்படியே வெளியே போனதில்லை. சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வாரமும் என் கை தன் பழக்கத்தை விடவில்லை. செல்லத்தாய் துண்டு நீலத் தட்டுக்குத்தான் போனது. டீ நேரத்தில் மடித்தும் வைத்தேன். படம் அதற்கு முன்னாலேயே பிடித்தாயிற்று என்பது எனக்கு உறைக்கவில்லை. வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் பிரவீன் தம்பி சந்தோஷமாகச் சொன்னது இது: "நீங்க எதை நல்லதுன்னு காட்டுறீங்களோ, அதுதாங்க அதுக்கு வேதம்."

சாப்பாட்டு நேரத்து வழக்கு

மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் வழக்கு ஆரம்பித்துவிடும். பிரவீன் தம்பிக்கு நாங்கள் ஆளுக்கொரு பொரியல் வைப்போம், பதிலுக்கு அவர் எதிர்காலத்தைச் சொல்வார். வயிற்றை மிஷினே அறுத்து மிஷினே தைக்குமாம். மனுஷன் மூளையில் சின்ன வில்லை வைத்து, நினைத்தாலே லைட் எரியுமாம். ஜெபமணி விடமாட்டாள். "நடுவுல கரண்டு போச்சுன்னா அறுத்த வயித்தை யாரு மூடுவா? செத்துப்போனா யார் மேல கேஸு, மிஷின் மேலயா, உங்க மேலயா?" தம்பி பேட்டரி இருக்கும் என்பார். "எங்க வீட்டு இன்வெர்ட்டர்லயும் பேட்டரி இருந்துச்சு" என்பாள் இவள். நானும் அவள் கட்சிதான், ஆனால் சத்தம் போடாத கட்சி.

ஒரு நாள் அவர், புண்ணில் ஒட்டின துணியே சீழ் பிடிப்பதை முன்கூட்டி டாக்டருக்குச் சொல்லிவிடும், அப்படி ஒன்றை எங்கேயோ முயற்சி செய்கிறார்கள் என்றார். "துணி வாய் பேசுதாக்கும்!" என்று ஜெபமணி சிரிக்க, நாங்களும் சிரித்தோம். செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் புண் வந்து, வலி தெரியாமலே உள்ளுக்குள் பரவி, கடைசியில் பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவள் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி ஜெபமணி, அந்தத் துணி வந்தா மொதத் துண்டு எனக்கு வேணும். உன் சண்டையை அதுக்குப் பொறவு வச்சுக்கோ."

டிரைவர் இல்லாத பஸ்

கேட்டதை எல்லாம் யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. வீட்டுக்குப் போகும்போது எங்கள் பஸ் கண்டக்டரிடம், இனி டிரைவரே இல்லாத பஸ் வரப்போகிறதாம் என்று சொல்லி வைத்தேன். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். டிரைவர் கண்ணாடி வழியாக எங்கள் இருவரையும் ஒரு முறை முறைத்தார். முன் சீட்டுக்காரர் ஒருவர், வந்தால் நல்லதுதான், விபத்து குறையும் என்றார். இன்னொருத்தர், மாடு படுத்திருந்தால் அது ஆரன் அடித்துக்கொண்டே நாள் பூரா நிற்கும் என்றார். கண்டக்டர் கடைசியாகத் தீர்ப்புச் சொன்னார்: "வரட்டும்க்கா, எனக்கென்ன. ஆனா கை காட்டுன இடத்துல நிக்காமப் போச்சுன்னா, நீங்க யாரை ஏசுவிய?"

பச்சை லைட்

மூன்றாம் மாதம் சோதனை நாள் வந்தது. நாங்கள் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றோம். மிஷின் தனியாகப் பார்த்தது. எங்கள் ஒரு நாள் வேலையை டீ ஆறுவதற்குள் முடித்தது. ஒரே பச்சை லைட். முதலாளி எங்களைப் பார்க்கவே கூசினார். எங்கள் நாற்காலிகளுக்கு அப்போதே வேறு இடம் நினைத்திருப்பார் போல. சும்மா ஒரு கட்டைப் பிரித்து ஒரு துண்டை உதறினார். அவருடைய கறுப்புப் பேண்ட் முழுக்க வெள்ளை நூல். ஒவ்வொன்றாக உதறினார், நடுநடுவே இன்னும் சில துண்டும் அப்படியே. அவற்றில் வெட்டின ஓரம் வெளியே நின்றது. தையல் போடுகிற இடத்தில் அந்த நூல் தங்கினால் புண் ஆறாது, சீழ் வைக்கும். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"மூட்டை கட்டுங்க தம்பி" என்றார் முதலாளி. பிரவீன் தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. "எங்க தப்புன்னே தெரியலீங்க சார். போன வாரந்தான் இந்தப் பாடத்தை வேற ரெண்டு ஊருக்கு ஏத்தினோம்" என்று முனகினார். எனக்குத்தான் தெரிந்தது. அந்த மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது செல்லத்தாய் மடிப்பு. நான் நீலத் தட்டில் போட்ட மடிப்பு. என் முகம் போன போக்கைப் பார்த்து ஜெபமணி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "வாயைத் தொறக்காத யக்கா. அது தோத்துப் போச்சு, நம்ம நாற்காலி தப்பிச்சுது. பேசாம நில்லு."

குழாயடியில்

கை கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்க் கண்ணை மூடினேன். பேசாமல் இருந்தால் எட்டுக் குடும்பம் பிழைக்கும். பேசினால் மிஷின் திருந்தும், எங்கள் நாற்காலி போகும், செல்லத்தாய் விரல் விஷயமும் வெளியே வரும். ஆனால் டீ நேரத்தில் நான் திருப்பி மடித்தது இந்த டேபிளுக்கு வந்த துண்டுகளைத்தான். அந்த இரண்டு ஊரிலும் அதே துண்டைப் பிரித்து மடிக்க யார் இருக்கிறார்கள்? பேர் தெரியாத ஒருத்தர் வயிற்றுக்குள் நான் போட்ட நூல். "தாயே, நாக்கு குழறாமப் பார்த்துக்கோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முதலில் செல்லத்தாயிடம் போனேன். அவளைக் கேட்காமல் அவள் பேரை எடுக்க எனக்கு உரிமை இல்லை. நான் சொல்லச் சொல்ல, மடங்காத அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷமா நீ திருப்பி மடிச்சிக்கிட்டா இருந்த?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு சொன்னாள்: "வா, நானும் வாரேன். என் பேரையே சொல்லு. புண்ணோட கிடந்த மனுசனை வச்சுப் பார்த்தவ நான்."

எட்டுப் பேர் வாக்குமூலம்

ஆபீஸ் ரூமில் நான் சொல்லி முடித்ததும் முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். பிரவீன் தம்பி அப்போதே போனை எடுத்து, இரண்டு ஊர் மிஷினையும் நிறுத்தச் சொன்னார். அவர்கள் இன்னும் ஒரு கட்டுகூட வெளியே அனுப்பவில்லை என்று பதில் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் கதவோரம் நின்ற ஜெபமணி, என்னை எரிப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். தானும் தன் நாத்தனார் மகள் மடித்ததை நீலத்தில் போட்டதாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு செல்லத்தாய் இருந்திருக்கிறாள்! முதலாளிக்குக் கோபப்படுவதா சிரிப்பதா தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது, நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மிஷினைத் திருப்பி அனுப்பவில்லை. ஆள் கையே படாத யூனிட் என்ற பேச்சு மட்டும் இப்போது இல்லை; அடுத்த வருஷம் வருமா, தெரியாது. மிஷின் பார்த்ததை ஐந்து பேர் டேபிளில் மறுபடி பார்க்கிறார்கள். நான், ஜெபமணி, இன்னொருத்தி, மூன்று பேரும் மிஷின் பக்கத்தில். சந்தேகம் வந்தால் நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் எங்கள் கையில். செல்லத்தாய் லேபிள் ஒட்டுகிறாள், அதற்குக் கட்டைவிரல் மடங்க வேண்டியதில்லை. பழைய பாடத்தை எல்லாம் அழித்து, முதலிலிருந்து ஆரம்பித்த அன்று பிரவீன் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்: "மிஷின் மனுசனை விட இரக்கமில்லாம இருக்கும்னுதாங்க எல்லா ஊர்லயும் பயப்படுறாங்க. இரக்கம் அதிகமாகி ரிப்பேர் ஆனது இங்க மட்டுந்தாங்க."

இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து அனுப்பினதோடு வேலை முடிந்தது என்றிருந்தேன், இந்த வயதில் ஒரு இரும்புப் பிள்ளை வந்து வாய்த்திருக்கிறது, அதுவும் அவர்களைப் போலவே நான் சொன்னதை விட்டுவிட்டு நான் செய்ததைத்தான் பிடித்துக்கொள்கிறது.